பேடு கட்டிக் காத்திருந்த பையன்

1988 பிப்ரவரியில் மும்பை ஆசாத் மைதானத்தில் ஹாரிஸ் ஷீல்டு அரையிறுதி. சாரதாஷ்ரம் பள்ளிக்காக வினோத் காம்ப்ளி 349, சச்சின் டெண்டுல்கர் 326. இருவரும் ஆட்டமிழக்காமல் சேர்த்தவை 664 ரன். ஒருவருக்கு வயது 16, மற்றவருக்கு 14. இந்தக் கதையைக் கேட்காத கிரிக்கெட் ரசிகர் நம்மூரில் இருக்க முடியாது. அவர்கள் அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, அடுத்து இறங்கவேண்டிய 13 வயதுப் பையன் ஒருவன் பேடு கட்டிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். விக்கெட் விழவே இல்லை. 748க்கு 2 என்ற கணக்கில் சாரதாஷ்ரம் டிக்ளேர் செய்தது. பையன் பேடைக் கழற்றி வைத்தான். அவன் பெயர் அமோல் முஜும்தார்.

கோடை முகாம்களிலும் குறுவட்டப் போட்டிகளிலும் ஞாயிற்றுக்கிழமை அகாடமிகளிலும் வருடம் தவறாமல் வரும் சண்டை ஒன்று உண்டு. "எங்க பையன் அஞ்சு மணிக்கே எழுந்து வர்றான் சார், ஒரு ஓவராவது குடுக்கக் கூடாதா?" என்பார் அம்மா. "ஜெயிக்கணுமா வேண்டாமாம்மா?" என்பார் கோச். இரண்டும் நியாயமான கேள்விகள். அதனால்தான் சண்டை தீர்வதில்லை. நடுவில் யாராவது பெரியவர் வந்து, விளையாட்டில் வெற்றி தோல்வி முக்கியமில்லை, கலந்துகொள்வதுதான் முக்கியம் என்று சொல்லி, இருவரையும் ஒருசேர எரிச்சலூட்டிவிட்டுப் போவார். கலந்துகொள்வது முக்கியம் என்றால் எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ஆட்டப்பண்பு, உழைப்பு, ஆடக் கிடைக்கும் நேரம் என்ற மூன்றையும் தனித்தனி உபதேசங்களாகப் பேசிப் பழகிவிட்டோம். ஒரே ஸ்கோர் அட்டையில் மூன்றையும் வைத்துப் பார்த்தால்தான் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது தெரியும். அதற்கு என்னிடம் ஓர் அட்டை இருக்கிறது.

2016 ஜனவரி 4, 5. மும்பையை அடுத்த கல்யாணில், பண்டாரி கோப்பைக்கான 16 வயதுக்குட்பட்டோர் ஆட்டம். முதலில் ஆடிய அணி 31 ரன்னில் சுருண்டது. (அந்தப் பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பையன்கள் பட்டது போதும்.) கே.சி. காந்தி பள்ளி பதிலுக்கு இறங்கியது. 32ஆவது ரன்னிலேயே முந்தியாயிற்று. அதற்குப் பிறகும் 1433 ரன் எடுத்தார்கள். ஆட்டோ ஓட்டுநரின் மகனான பிரணவ் தனவாடே, 15 வயது, 323 பந்தில் 1009 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். 129 பவுண்டரி, 59 சிக்ஸர். இங்கிலாந்தில் கிளிஃப்டன் கல்லூரி மாணவர் ஏ.இ.ஜே. காலின்ஸ் 1899இல் எடுத்த 628 அன்றோடு பழங்கதை ஆனது. டிக்ளேர் செய்தபோது 1465க்கு 3. எதிரணி மறுபடி ஆடி 52. இன்னிங்ஸ் மற்றும் 1382 ரன் வித்தியாசத்தில் வெற்றி.

முதலில் ஆட்டப்பண்பு. பிரணவ் செய்தது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்த பந்தை அடிப்பது அவர் வேலை. எளிய எதிரி என்பதற்காக வேண்டுமென்றே அவுட்டாகிப் போவதில் எதிரிக்கு என்ன மரியாதை இருக்கிறது? சின்னப் பையனிடம் வேண்டுமென்று தோற்கும் மாமாவை அந்தப் பையனுக்கே பிடிக்காது. ஆக, அவரைக் குறை சொல்பவர்களோடு நான் இல்லை. ஆனால் முதல் நாள் ஆட்டம் முடிந்தபோது அவர் 652இல் இருந்தார். உலகச் சாதனை அப்போதே உடைந்துவிட்டது. மறுநாள் காலைவரை பெரியவர்களுக்கு யோசிக்க ஓர் இரவு முழுக்க இருந்தது. எதிரணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் பரீட்சையால் வரவில்லை, வந்தவர்களில் பலர் 12 வயதுக்காரர்கள், மைதானத்தின் ஒரு பக்க எல்லை மிகக் கிட்டத்தில் இருந்தது என்றெல்லாம் அப்போதே செய்திகள் வந்தன. அந்த இரவில் 'போதும்' என்ற சொல் யார் வாயிலிருந்தாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைச் சாரதாஷ்ரம் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் புரிகிறது. அங்கே டிக்ளேர் செய்யச் சொன்னவர் பயிற்சியாளர் ரமாகாந்த் அச்ரேக்கர். 350க்கு ஒரே ஒரு ரன் பாக்கி சார் என்று காம்ப்ளி கெஞ்சியும் அவர் இறங்கிவரவில்லை. அது எதிரணிமேல் கருணை என்று நான் கதை கட்ட மாட்டேன். எதிரணியை ஆட்டமிழக்கச் செய்ய நேரம் வேண்டும் என்ற கணக்காகவே இருந்திருக்கலாம். அந்த ஆட்டத்தில் நேரத்துக்கு விலை இருந்தது. தாமதித்தால் வெற்றி நழுவும். கல்யாணில் நேரத்துக்கு விலையே இல்லை. 31க்குச் சுருண்டவர்கள் மறுபடியும் சுருளுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நேரத்துக்கு விலை இல்லாத இடத்தில் 15 வயதுப் பையனும் அவனுடைய கோச்சும் தாங்களாகவே பெருந்தன்மை காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது சோம்பேறித்தனம். அதை விதி செய்திருக்க வேண்டும்.

விதி என்றதும் 2019 நவம்பரில் அதே ஹாரிஸ் ஷீல்டில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. பந்துவீச்சு மந்தமாக இருந்தால் அபராதம் என்று நல்லெண்ணத்தோடு ஒரு விதி வைத்திருந்தார்கள். மூன்று மணி நேரத்தில் 45 ஓவர் வீசவேண்டிய ஒரு பலவீனமான அணி 39 ஓவர்தான் வீசியது. பந்து போன திசையெல்லாம் ஓடிப் பொறுக்கிவரவே நேரம் போதவில்லை போலும். 156 ரன் அபராதம். அதையும் சேர்த்து எதிரணி 761. பதிலுக்கு ஆடிய அந்தப் பையன்கள் ஒருவர்கூட ஒரு ரன் எடுக்கவில்லை. மொத்தம் 7, அத்தனையும் எக்ஸ்ட்ரா. ஏழு ரன்னையும் எதிராளியே கொடுத்தான் என்று அன்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உறுத்தியது அந்த 156தான். வலியவனைத் தட்டிவைக்க வேண்டிய விதி, எளியவன் தலையில் இன்னொரு குட்டு வைத்திருந்தது.

அடுத்து உழைப்பு. கல்யாண் ஆட்டத்தில் அதிகம் உழைத்தவர் யார் என்று கேட்டால் எல்லாரும் பிரணவைக் காட்டுவார்கள். நான் தோற்ற அணியைத்தான் காட்டுவேன். கேட்ச் நழுவியது, பந்து எட்டாமல் போனது, கை சலித்தது. ஆனாலும் ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போகவில்லை. இனி ஜெயிக்க வழியே இல்லை என்று தெரிந்தும் இரண்டாம் இன்னிங்ஸுக்கு மட்டையோடு இறங்கினார்கள். உழைப்பு அவர்களிடம் இருந்தது. அதற்குப் பலனாகக் கற்றுக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. கேட்சை விட்ட பையன் அடுத்த கேட்சை எப்படிப் பிடிப்பது என்று அன்று யாரிடம் கற்றிருப்பான்? முயன்றால் முடியும் என்று பிள்ளைகளிடம் நாம் சொல்வது, முயற்சிக்கும் பலனுக்கும் நடுவே கொஞ்சமாவது தொடர்பு தெரியும் ஆட்டத்தில்தான் உண்மை.

அகாடமிக்காரர்கள் உழைப்பு என்று சொல்வது வேறு ஒன்றை: வருகைப் பதிவேடு. பயிற்சிக்கு ஒழுங்காக வந்தவனுக்கே ஆட வாய்ப்பு. கேட்க நியாயமாக இருக்கிறது. நானும் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பஸ் மாறி வருகிறவனும், அப்பா காரில் வந்து இறங்குகிறவனும் ஒரே பதிவேட்டில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். ஞாயிறு சந்தையில் அம்மாவுக்குத் துணை நிற்கவேண்டிய பெண் ஞாயிற்றுப் பயிற்சியைத் தவறவிட்டால், அவள் உழைக்கவில்லை என்று எழுதிவைக்கிறோம். வருகையை அளப்பது சுலபம் என்பதற்காக உழைப்பை அளந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இனி ஆடக் கிடைத்த நேரம். கல்யாணின் ஸ்கோர் அட்டையைத் திருப்பி வைத்துப் படியுங்கள். மூன்று விக்கெட் இழப்பு என்றால் மட்டை பிடித்தவர்கள் ஐந்து பேர். வென்ற அணியிலேயே ஆறு பையன்கள் பேட் செய்யவில்லை. ஒரே இன்னிங்ஸில் 1465 ரன் குவிந்த ஆட்டத்தில், குவித்த அணியில் பாதிக்கு மேல் ஒரு ரன்கூட எடுக்க வாய்ப்பில்லாதவர்கள். 1988இலும் அப்படித்தான்: 748க்கு 2, நான்கு பேர் ஆடினார்கள், ஏழு பேர் பார்த்தார்கள். போதாததற்கு, 349 எடுத்த காம்ப்ளியே பந்தும் வீசி 37 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். கால்பந்திலோ கபடியிலோ பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குத் தெரிகிறான். அவனுக்காக அம்மா சண்டை போடலாம். கிரிக்கெட்டில் பெஞ்ச் மைதானத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒன்பதாவதாக இறங்குகிறவன், பந்து கொடுக்கப்படாதவன், தேர்டுமேனில் நிற்கிறான். அவனும் பதினொருவரில் ஒருவன். 'என் மகன் டீம்ல இருக்கான்' என்று வீட்டில் பெருமையாகவும் சொல்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இங்கேதான் வரும், அதைத் தட்டிக் கழிக்க முடியாது. அந்த அமோல் முஜும்தார் என்ன ஆனார்? ரஞ்சி அறிமுக ஆட்டத்திலேயே 260 ரன் எடுத்தார். முதல்தர ஆட்டங்களில் 11,000 ரன்னுக்கு மேல் சேர்த்தார். இந்திய அணிக்கு ஒருமுறைகூட ஆடாமலே ஓய்வுபெற்றார். 2023இல் இந்திய மகளிர் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 2025 நவம்பரில் அந்த அணி முதல்முறையாக உலகக் கோப்பையை வென்றது. பேடு கட்டிக் காத்திருந்ததுதான் அவருக்குப் பொறுமையைக் கற்றுத்தந்தது, ஆகவே காக்கவைப்பது நல்லது, என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் காக்கவைக்கப்பட்டு அத்தோடு கிரிக்கெட்டை விட்டவர்கள் யாரும் பேட்டி கொடுப்பதில்லை. தப்பிப் பிழைத்த ஒருவரை வைத்து வெள்ளத்துக்கு நற்சான்று எழுதக் கூடாது.

அதைவிட முக்கியமாக, முஜும்தார் அந்த இரண்டு நாளில் இழந்ததைச் சாரதாஷ்ரம் மற்ற நாட்களில் கொடுத்தது. அச்ரேக்கரின் பிள்ளைகளுக்கு ஆட்டத்துக்குப் பஞ்சமே கிடையாது. 60 நாள் கோடை விடுமுறையில் 55 பயிற்சி ஆட்டம் ஆடியதாக டெண்டுல்கர் தம் சுயசரிதையில் சொல்கிறார். பையனை ஸ்கூட்டரில் ஏற்றி ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவார் அந்தக் கிழவர். ஒருமுறை, தான் ஆடவேண்டிய பயிற்சி ஆட்டத்தை விட்டுவிட்டுத் தன் பள்ளியின் மூத்த அணி வான்கடே மைதானத்தில் ஆடுவதைப் பார்த்துக் கைதட்டப் போன டெண்டுல்கரை அறைந்தார் என்பது பிரபலமான கதை. நீ கைதட்டப் பிறந்தவனில்லை, ஆடு என்பது அதன் சாரம். பிள்ளையை அறைவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கண்டிப்புக்குப் பேர்போன ஒரு பயிற்சியாளரின் கொள்கையே 'பார்க்காதே, ஆடு' என்பதுதான் என்றால், காத்திருப்பதே கல்வி என்று அவர் பெயரால் வாதாடுவது எப்படி?

சரி, எல்லாருக்கும் சமநேரம் என்று விதியே வைத்தவர்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் 1964இல் தொடங்கிய சிறுவர் கால்பந்து அமைப்பு ஒன்று, ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் பாதி நேரமாவது ஆடவேண்டும் என்பதைத் தன் முதல் கொள்கையாக வைத்திருக்கிறது. இங்கிலாந்து ரக்பி சங்கமும் இளையோர் ஆட்டங்களுக்கு அரை ஆட்ட விதி வைத்திருக்கிறது. சிறுவர் கிரிக்கெட்டில் இங்கிலாந்துக்காரர்கள் ஜோடி ஆட்டம் ஆடுவார்கள்: ஒவ்வொரு ஜோடிக்கும் இத்தனை ஓவர் என்று நிச்சயம், அவுட்டானால் வெளியேற வேண்டாம், ரன் குறையும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆடுகளத்தின் நீளத்தையே 16 மீட்டராகக் குறைத்து, ஓர் அணிக்கு ஏழு பேர் என்று ஆக்கினார்கள். இதில் கருணை கொஞ்சம், கணக்கு அதிகம். ஆள் குறைந்தால் ஒவ்வொருவருக்கும் பந்து கூடும்.

நார்வேயையும் இழுத்து வருவார்கள். அங்கே பிள்ளைகள் விளையாட்டுக்கென 1987இலிருந்து தனி விதிகள் உண்டு, சின்ன வயதில் தரவரிசைப் பட்டியலே கிடையாது, ஆனாலும் 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கம் என்பார்கள். இந்த உதாரணத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. பனியும் பணமும் தெருவுக்கொரு சங்கமும் உள்ள நாட்டின் பதக்கங்களை ஒரு விதியின் கணக்கில் எழுதுவது சரியில்லை. சமநேரத்தை ஆதரிக்கப் பதக்கம் தேவையும் இல்லை. 12 வயதில் யார் சிறந்த ஆட்டக்காரர் என்பது யாருக்கும் தெரியாது என்ற ஒரு காரணமே போதும்.

1980களில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணிகளை ஆராய்ந்தபோது, ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் விகிதத்துக்கு மீறி இருந்தார்கள். அங்கே வயது வரம்பு ஜனவரி 1இல் தொடங்கும். ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர் பிள்ளைக்கும் ஏறத்தாழ ஒரு வருட வளர்த்தி வித்தியாசம். கோச் அதைத் திறமை என்று நினைத்துவிடுகிறார். திறமை என்று நினைத்ததால் கூடுதல் நேரம் கொடுக்கிறார். கூடுதல் நேரம் ஆடியதால் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான். பிறகு, 'நான் அப்பவே சொன்னேன்' என்கிறார். நம்மூரில் இந்த ஆராய்ச்சியைச் செய்யவும் முடியாது. தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று ஹெட்மாஸ்டர் ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுச் சேர்த்த பரம்பரை நாம். அதன் இன்றைய வாரிசுகளைப் பிடிக்கக் கிரிக்கெட் வாரியம் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறது.

தமிழ்நாட்டின் பள்ளி விளையாட்டில் இன்னொரு சிக்கல், சான்றிதழ். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு. பொறியியல் கலந்தாய்விலும் அவர்களுக்குத் தனி இடங்கள். ஒதுக்கீடு வேண்டும்; கிராமத்துக் கபடிக்காரனுக்கு வேறு ஏணி இல்லை. ஆனால் கபடி அணியில் பன்னிரண்டு பேர், களத்தில் ஏழு பேர். மீதி ஐவரில் ஒருவன் நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் சான்றிதழ் அவனுக்கும் உண்டு. குறுவட்டப் போட்டி ஒன்றில், சீருடை கசங்காமல் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஒரு பையனைப் பார்த்து, 'பாவம், இறக்கவே இல்லையே' என்று வருத்தப்பட்டேன். பக்கத்திலிருந்த பிஇடி சார் சிரித்தார். "அவன் பாவமில்ல சார். அவனுக்கு இடம் குடுக்க வீட்டுக்கு அனுப்பினோமே, அவன்தான் பாவம்." பெஞ்சில் இருப்பவன்மேல் நாம் படும் பரிதாபம் சில சமயம் ஆள் மாறிப் போகிறது. நேரம் கிடைக்காதவனுக்குத் தாள் கிடைப்பதும், உழைத்தவனுக்கு இரண்டுமே கிடைக்காததும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு முனைகள். களத்தில் எத்தனை நிமிடம் என்பதைச் சான்றிதழிலேயே எழுதச் சொன்னால் போதும், பாதிப் பெஞ்ச் காலியாகிவிடும் என்பது என் சந்தேகம்.

இதையெல்லாம் நம் தெரு முன்பே யோசித்திருக்கிறது. சேர்க்கவும் முடியாத விடவும் முடியாத பொடியனை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோம். அவன் அவுட்டானாலும் அவுட் இல்லை. சொல் கொடூரமானது, அந்தப் பெயரை வாங்கியவர்களுக்குத் தெரியும். ஏற்பாடு நல்லது. ஆள் ஒற்றைப்படையானால் ஒருவன் இரண்டு பக்கமும் ஆடுவான். கடைசி ஆள் ஜோடி இல்லாமல் தனியாகவே பேட்டிங் செய்யலாம். இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: ஆட்டம் பிடிக்காமல் ஒருவன் வீட்டுக்குப் போய்விட்டால் நாளைக்கு ஆள் குறையும். பந்து வைத்திருப்பவன் மட்டும் தனக்குப் பிடித்தபடி முதலில் பேட்டிங் எடுத்துக்கொள்வான். அகாடமி முதலாளித்துவம் அங்கிருந்து தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 14 வயதுவரை ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தபட்ச நேரம் விதியாகவே இருக்க வேண்டும். கோச்சின் மனசுக்கு விடக் கூடாது. கிரிக்கெட்டில் அது ஐம்பது அடித்தவன் ஓய்வெடுத்து அடுத்தவனுக்கு வழிவிடுவதாக இருக்கலாம். அப்போது 664 இருந்திருக்காது என்பார்கள். இருந்திருக்காதுதான். டெண்டுல்கர் இருந்திருப்பார், அவருக்கு 55 ஆட்டங்கள் இருந்தன. 14க்கும் 17க்கும் நடுவே உத்தரவாதம் ஆட்டத்துக்கு ஆட்டம் என்பதிலிருந்து பருவத்துக்கு மாறலாம்: இறுதிப் போட்டியில் உட்காரவைத்தால் மற்ற ஆட்டங்களில் இறக்க வேண்டும், உட்காரவைக்கும் காரணத்தைப் பையனிடமே முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். மாவட்ட, மாநிலத் தேர்வு அணிகளில் சமநேரம் கேட்பது தவறு. அங்கே திறமைக்கே முதலிடம். அந்த இடத்தில் அம்மாவைவிடக் கோச்சின் கேள்விதான் சரி. ஆனால் அந்தத் தேர்வுக்கு வருகிற ஒவ்வொருவனும் அதுவரை நிஜமாகவே ஆடியிருந்தால்தான் அதற்குத் தேர்வு என்று பெயர்.

பிரணவுக்கு மும்பை கிரிக்கெட் சங்கம் மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. அடுத்த ஆண்டே அது வேண்டாமென்று குடும்பம் சொன்னதாகச் செய்தி வந்தது. 1988இல் அந்த 664இல் தாராளமாக அடிவாங்கிய எதிரணிப் பந்துவீச்சாளர் சாய்ராஜ் பஹுதுலே பின்னால் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். பேடு கட்டிக் காத்திருந்தவர் உலகக் கோப்பை வென்ற அணியின் பயிற்சியாளரானார். பள்ளிக்கூடத்து ஸ்கோர் அட்டை அன்றைக்கு ஆரூடம் சொன்னதாகத் தெரியவில்லை.

கல்யாண் அட்டையின் அடியில் பேட் செய்யாதவர்கள் என்று இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். 1465 எடுத்த நாளன்று அவர்கள் வீட்டிலும் யாராவது, அனேகமாகப் பாட்டி, கேட்டிருப்பார்: நீ எத்தனை அடிச்சே?